அம்மாவின் நானூறு சிகரெட்

திரையில் கதாநாயகன் சிகரெட் பற்றவைக்கிறான். உடனே ஓரத்தில் எழுத்து வந்து நிற்கிறது: புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு. அவன் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வில்லனை அடிக்கப் போகும்வரை அந்த எழுத்து நகர்வதில்லை. அடுத்த காட்சி, கிராமத்து வீடு. அம்மா அடுப்பு ஊதுகிறாள். கூரை தெரியாத அளவுக்குப் புகை. இருமுகிறாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இப்போது எழுத்து வராது. புல்லாங்குழல் வரும்.

நாமும் மூக்கை உறிஞ்சிக்கொள்வோம். தாய்ப்பாசம்.

2016 புகைக்கு ராசியான ஆண்டு. சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட்டே ஆக வேண்டும் என்ற விதி ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, மே 1 அன்று, உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் ஏழைப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு கொடுக்கும் உஜ்வலா திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அந்தத் திட்டத்துக்காக வந்த அரசுச் செய்திக்குறிப்பிலேயே ஒரு வரி உண்டு. சமையலறையில் திறந்த அடுப்பு எரிவது, ஒரு மணி நேரத்தில் 400 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று நிபுணர்கள் சொல்கிறார்களாம். பத்துப் பத்தாகக் கட்டினால் 40 பெட்டி. எரிவது வேறு, இழுப்பது வேறு என்று விஞ்ஞானிகள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். கணக்கு நாம் போட்டதல்ல. அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம்.

வாக்குமூலம் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்?

அதற்கு முன் என் அத்தையைப் பற்றிக் கொஞ்சம். மூச்சிரைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். சின்ன வயது டாக்டர். நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாட்டி, பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டா?" அத்தைக்கு வந்ததே கோபம். "என்னைப் பார்த்தா அப்படித் தெரியுதா தம்பி?" டாக்டர் சிரித்துக்கொண்டே அட்டையில் எழுதினார். புகைப்பழக்கம்: இல்லை.

ஐம்பது வருடத்துக்கு மேல் சீமைக்கருவேலங்கட்டைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தவள். மழைக்காலத்தில் ஈர விறகு. அது கிடைக்காத நாளில் பனைமட்டை, தேங்காய்மட்டை, வறட்டி. ஊதுகுழல் என்று ஒரு இரும்புக் குழாய்த் துண்டு. ஊதுகுழலைப் பற்றி ஊதாதவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஊதுவதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். எங்கிருந்து இழுப்பது? மூக்கு இருப்பது அடுப்புக்கு முக்கால் முழத்தில்.

புகைப்பழக்கம்: இல்லை.

அத்தை மாதிரி எத்தனை பேர்? வீட்டுப் புகையால் 2019இல் இந்தியாவில் இறந்தவர்கள் சுமார் 6.1 லட்சம் பேர் என்று லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்து அறுநூறுக்கு மேல். ஒரு ரயில் கவிழ்ந்தால் அமைச்சர் ஓடுகிறார், டிவி ஓடுகிறது, இழப்பீடு அறிவிக்கிறார்கள். இங்கே எதுவும் கவிழவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் பாயில், ஒவ்வொருவராக. சாவுச் சான்றிதழில் மாரடைப்பு என்றோ மூச்சுத்திணறல் என்றோ எழுதுவார்கள். அடுப்பு என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாதா? தெரியும். நாடு சுதந்திரம் அடைந்த காலத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தார்கள் என்றால், அடுப்பைத் திருத்தினார்கள். 1947இல் வார்தா மகன்வாடியில் ஒரு அடுப்பு. அடுத்து ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகையில்லா அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். 'கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அவர் எழுதிய புத்தகம் 1953இல் நம் சென்னையில்தான் அச்சானது. நல்ல மனிதர். கோடிக்கணக்கானோர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

1980களில் மத்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. 2002இல் அதை மூடும்போது ஏறக்குறைய மூன்றரைக் கோடி அடுப்புகள் கட்டிக் கொடுத்ததாகக் கணக்கு. எங்கள் தெருவிலும் கட்டினார்கள். களிமண்ணும் செங்கல்லும் குழைத்து இரண்டு வாய், பின்னால் சிமெண்டுக் குழாய். அடுப்பின் வாய் அளவுக்கு ஏற்ற பானை எந்த வீட்டிலும் இல்லை. முட்டு உடைத்து வாயைப் பெரிதாக்கினார்கள், புகை முன்பக்கம் வந்தது. குழாயில் ஒட்டறை அடைத்தது, புகை மறுபடி முன்பக்கம் வந்தது. அடுத்த வருடம் அதில் கோழி அடைகாத்தது. கணக்கில் மட்டும் அது மூன்றரைக் கோடியில் ஒன்றாகக் கடைசிவரை புகையில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

பாடம் கற்றார்களா? 2009இல் இன்னொரு அடுப்புத் திட்டம். 2014இல் மற்றொன்று. நடுவில் 2010இல் அமெரிக்காவில் ஹிலாரி கிளின்டன், 2020க்குள் உலகத்தில் 10 கோடி வீடுகளுக்கு நல்ல அடுப்பு என்று உலகக் கூட்டணி ஒன்றைத் தொடங்கிவைத்தார். அதே காலத்தில் ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் சுமார் 2,600 குடும்பங்களை நாலு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மேம்பட்ட அடுப்பு தந்த வீடுகளில் முதல் வருடம் உள்ளே போன புகை குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலனும் காணாமல் போனது. அடுப்பு உடைந்தது, யாரும் பராமரிக்கவில்லை, பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருடத்தில் அடுப்பு வடிவமைத்தவர்களில் எத்தனை பேர் அதில் ஆறு பேருக்குச் சோறு வடித்துப் பார்த்திருப்பார்கள்?

பிறகுதான் உஜ்வலா. நியாயமாகச் சொன்னால் இது மற்றவற்றைவிட உருப்படியான யோசனை. அடுப்பைத் திருத்துவதை விட்டுவிட்டு எரிபொருளை மாற்றுவது. மூன்றரை வருடத்தில் 8 கோடி இணைப்பு என்பது சின்ன வேலை இல்லை. இப்போது 10 கோடியைத் தாண்டிவிட்டது. மலைக்கிராமத்துக்குக் கூட சிலிண்டர் ஏறியது. பாராட்டுவோம். பெட்ரோல் பங்குக்குப் பங்கு சுவரொட்டியில் சிரிப்பதற்கு ஆட்சியில் இருப்பவர்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் இணைப்பை வைத்துச் சோறு வடிக்க முடியாது. அதற்கு உள்ளே கேஸ் வேண்டும்.

அரசு ஒவ்வொரு இணைப்புக்கும் 1,600 ரூபாய் கொடுத்தது. டெபாசிட், ரெகுலேட்டர், குழாய். ஆரம்பத்தில் அடுப்புக்கும் முதல் சிலிண்டருக்கும் பணம்? கடன். எண்ணெய் நிறுவனம் கொடுத்தது. அதை எப்படித் திருப்பிப் பிடித்தார்கள்? அவளுக்கு வரவேண்டிய மானியத்திலிருந்து. அதாவது நாட்டிலேயே பரம ஏழை என்று தேடிக் கண்டுபிடித்த பெண், கடன் தீரும்வரை முழு விலை கொடுத்து சிலிண்டர் வாங்க வேண்டியிருந்தது. சுவரொட்டியில் இதற்குப் பெயர் இலவசம்.

2019 டிசம்பரில் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வந்தது. ஒரு வருடம் கழிந்த உஜ்வலா வாடிக்கையாளர்கள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிய சிலிண்டர் 3.21. நாலு மாதத்துக்கு ஒன்று. மீதி நாள் விறகு. அதே அறிக்கையில் இன்னொரு பக்கம் உண்டு. சுமார் 13.96 லட்சம் பேர் ஒரே மாதத்தில் 3 முதல் 41 சிலிண்டர் வரை வாங்கியிருக்கிறார்கள். நாற்பத்தொன்று! ஒரு நாளைக்கு ஒன்றேகால் சிலிண்டருக்கும் மேல். எந்த ஏழை வீட்டில் தினமும் கல்யாணப் பந்தி நடந்தது? ஒற்றைச் சிலிண்டர் வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் 2 முதல் 20 சிலிண்டர் வரை கொடுத்ததாக 3.44 லட்சம் நிகழ்வுகள். கேஸ் வணிகக் கடைகளுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம் என்று தணிக்கைத் துறை நாகரிகமாகச் சந்தேகப்பட்டது. பெண்களுக்கு மட்டுமான திட்டத்தில் 1.88 லட்சம் இணைப்புகள் ஆண்கள் பெயரில் இருந்தன. அவள் பெயரைச் சொல்லி வந்த கேஸ் எங்கோ பஜ்ஜி பொரித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

டெல்லிக்கு இந்தப் புகை பிரச்சினையாகத் தெரிவதில்லை. டெல்லிக்குத் தன் புகை மட்டும்தான் புகை. நவம்பர் வந்தால் பள்ளிக்கு லீவு, காருக்கு ஒற்றைப்படை இரட்டைப்படை, உச்ச நீதிமன்றத்தில் அவசர வழக்கு. 2021இல் கன்னாட் பிளேஸில் சுமார் 20 கோடி ரூபாய் செலவில் காற்றைச் சுத்தப்படுத்தும் கோபுரம் கட்டினார்கள். சில வருடத்தில் அது பூட்டப்பட்டது. திறந்த வானத்துக்கு ஏர் பியூரிஃபையர் மாட்டப் பார்த்த தேசம் நாம். ஓலை வேய்ந்த பத்துக்குப் பத்து அறைக்கு மாட்ட நமக்கு யோசனை ஓடவில்லை. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் இருப்பவை சுமார் 130 நகரங்கள். கிராமத்துக்காரி மூச்சு விடுவதாகவே அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் அடுப்புப் புகை கூரை வழியாக வெளியேறி நகரத்துக்கும் வந்து சேர்கிறது. ஐஐடி பம்பாய் பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வு 2018இல் இதைக் கணக்கிட்டது. வெளிக்காற்று மாசால் இந்தியாவில் நிகழும் மரணங்களுக்கு மற்றெல்லாக் காரணங்களையும்விடப் பெரிய காரணம் வீடுகளில் எரியும் விறகும் வறட்டியும்தான் என்றது. ஆக, அவள் நெஞ்சுக்குள் இருக்கும்வரை அது விதி. கன்னாட் பிளேஸுக்கு வந்த பிறகு மாசு.

சிலிண்டர் கொடுத்தும் ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டால், மேலே இருப்பவர்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு. பழக்கம். விறகடுப்பு ருசி விட மனசு வராதாம். கேஸ் வெடித்துவிடும் என்று பயமாம். மனப்பான்மை மாற வேண்டுமாம். இதற்காக ஏசி அரங்குகளில் கருத்தரங்கு நடத்துவார்கள். விறகடுப்பு ருசி விட மாட்டேன் என்பவர்களை எனக்கும் தெரியும். நெடுஞ்சாலையில் 'விறகடுப்புச் சமையல்' என்று பலகை பார்த்ததும் காரை ஓரம்கட்டுகிறவர்கள். யூடியூபில் பாட்டி விறகு மூட்டுவதைக் கைபேசியில் பார்த்து 'அந்தக் காலம் அந்தக் காலம்தான்' என்று பின்னூட்டம் போடுகிறவர்கள். ருசி முன்கட்டில். புகை பின்கட்டில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்.

பழக்கம்தானா என்று சோதித்தும் பார்த்தாகிவிட்டது. வேறெங்கும் இல்லை, நம் விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு. நாலு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். ஒரு பாதிப்பேருக்கு அடுப்பும் கேஸும் இலவசம். தீர்ந்தால் வீட்டுக்கே வந்து மாற்றிக் கொடுத்தார்கள். என்ன நடந்தது? ஏறக்குறைய எல்லாப் பெண்களும் விறகை விட்டுவிட்டார்கள். பயமும் இல்லை, ருசியும் இல்லை, மனப்பான்மையும் இல்லை. அவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராமில் நின்றது. விறகு எரித்தவர்களுக்கு 71. குழந்தைகளின் பிறப்பு எடை இதனால் குறிப்பிடும்படி கூடவில்லை என்பதையும் அந்த ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். தனக்குச் சாதகமில்லாத எண்ணையும் அச்சிடும் அந்த வழக்கம் நம் அமைச்சகங்களுக்குத் தொற்றினால் நன்றாக இருக்கும்.

அரசின் சொந்தக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2019-20இல் உஜ்வலா வீடுகள் வாங்கியது சராசரியாக 3.01 சிலிண்டர். கொரோனா வந்தது. மூன்று சிலிண்டர் இலவசம் என்றார்கள். சராசரி 4.39 ஆனது. இலவசம் நின்றது. 3.66க்கு இறங்கியது. அந்த 2021-22இல் மட்டும் 92 லட்சம் உஜ்வலா வீடுகள் ஒரு சிலிண்டர்கூட வாங்கவில்லை. மனப்பான்மை என்பது இவ்வளவு துல்லியமாக விலையைப் பார்த்து ஏறி இறங்குமா?

நம் ஊர்க்காரர்கள் இதைப் படித்துக் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 2007இலிருந்தே இலவச கேஸ் அடுப்பு கொடுத்த மாநிலம்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 82.9 சதவீத வீடுகளில் தூய எரிபொருள். நாட்டின் சராசரி 58.6. பெருமைதான். ஆனால் அந்த ஆய்வு கேட்பது முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள் என்ற ஒரே கேள்வி. கேஸ் என்று சொல்வாள். பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெந்நீருக்கு விறகு. பருப்பு வேக விறகு. விருந்தாளி வந்தால் காபிக்கு கேஸ். சிலிண்டரை இரண்டு மாதத்துக்கு இழுத்துவிட்டால் அவளுக்கு அது ஒரு வெற்றி. என் அத்தை சிலிண்டரை ஆட்டிப் பார்த்தே எத்தனை நாள் வரும் என்று சொல்லிவிடுவாள். இந்தத் திறமை எந்த அமைச்சருக்கும் கிடையாது. தேவைப்பட்டதில்லை.

சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்று 2021 தேர்தலில் ஒரு கட்சி எழுதிக் கொடுத்தது. வருடத்துக்கு ஆறு சிலிண்டர் இலவசம் என்று அப்போதைய ஆளுங்கட்சி எழுதிக் கொடுத்தது. ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். ஜெயித்தவரின் 100 ரூபாயை அத்தை இன்னும் தன் வங்கிப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கேஸ் விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உலகச் சந்தை காரணம் என்பார்கள். இருக்கலாம். பஞ்சாங்கத்தையும் கொஞ்சம் புரட்டுவோம். காங்கிரஸ் ஆட்சியில் 2012இல் வருடத்துக்கு ஆறு மானியச் சிலிண்டர் என்று குறைத்தார்கள். 2013இல் ஒன்பதானது. 2014 ஜனவரி 17, கட்சிக் கூட்டத்தில் ராகுல் காந்தி மேடையிலிருந்தே பிரதமரிடம் பன்னிரண்டு வேண்டும் என்று கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் கிடைத்தது. சில மாதத்தில் தேர்தல்.

ஆட்சி மாறியது. பஞ்சாங்கம் மாறவில்லை. 2020இலிருந்து இரண்டு வருடம், பெரும்பாலான ஊர்களில், உஜ்வலா பெண்ணுக்கும் மானியம் பூஜ்ஜியம். டெல்லியில் 600க்குக் கீழே இருந்த சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டியது. 2023 பிப்ரவரி 27, மேகாலயாவிலும் நாகாலாந்திலும் வாக்குப்பதிவு. மார்ச் 1, சிலிண்டருக்கு 50 ரூபாய் உயர்வு, விலை 1,103. ஆகஸ்டில் 200 ரூபாய் குறைத்தார்கள். அது சகோதரிகளுக்கு ரக்ஷா பந்தன் பரிசாம். அக்டோபர் 4, உஜ்வலா மானியம் 200இலிருந்து 300. அக்டோபர் 9, ஐந்து மாநிலத் தேர்தல் தேதி அறிவிப்பு. 2024 மார்ச் 8, இன்னொரு 100 ரூபாய் குறைப்பு. அது மகளிர் தினப் பரிசு. மார்ச் 16, மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு.

அவள் பணத்தை அவளிடம் கொஞ்சம் குறைத்து வாங்கியதற்குப் பெயர் பரிசு. அந்தப் பரிசையும் கையில் தருவதில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு வாசலில் முழு விலையும் எண்ணி வைக்க வேண்டும். மானியம் பிறகு வங்கிக்கு வரும். 2025-26க்கு உத்தரப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலி 252 ரூபாய். முழு விலை கையில் சேர மூன்றரை நாள் மண் சுமக்க வேண்டியிருந்தது, அதுவும் வேலை கொடுத்தால், கூலி வந்தால். விறகுக்கு விலை இல்லை. நாலு மைல் நடந்து தலையில் சுமந்து வந்தால் போதும். பல்லியாவில் தொடங்கிய திட்டத்தை பல்லியாப் பெண் இப்படித்தான் கணக்குப் போடுவாள். அவள் கணக்கில் தப்பு இருந்தால் எந்த நிதியமைச்சகம் வேண்டுமானாலும் திருத்தட்டும்.

மகளிர் தினப் பரிசு கொடுத்துப் பதின்மூன்று மாதம் ஆனது. 2025 ஏப்ரல் 8. நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து வருடம் நெருங்கியிருந்தது. சிலிண்டருக்கு 50 ரூபாய் கூட்டினார்கள். டெல்லியில் 803 ரூபாய் 853 ஆனது. உஜ்வலா பெண்ணுக்கும் விலக்கு இல்லை, அவளுக்கு 503 ரூபாய் 553 ஆனது. அது எந்தப் பண்டிகைக்கான பரிசு என்று யாரும் அறிவிக்கவில்லை.